மறுபக்கம் இருந்தால் கொலைகாரரா?

ஐயா,

மனைவி கொலையான வழக்கில், இரண்டாம் நாளே 'கணவரின் மறுபக்கம்' என்று கட்டம் கட்டிச் செய்தி போட்டுவிட்டீர்கள். பூட்டிவைத்த கைப்பேசி, வீட்டில் சொல்லாமல் போன இரண்டு பயணங்கள். அங்கிருந்து கொலைக்கான காரணத்துக்கு ஒரே தாவல்! சம்பவ நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று தேடிப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை.

1954-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டாக்டர் சாம் ஷெப்பர்டின் மனைவி படுக்கையறையில் அடித்துக் கொல்லப்பட்டார். டாக்டருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருந்தது. முதலில் மறுத்தார், பிறகு குட்டு உடைந்தது. பத்திரிகைகள் விடுமா? சுமார் 10 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். பத்திரிகை இரைச்சலில் நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று 1966-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மறுவிசாரணையில் விடுதலையானார். தொடர்பை மறைத்தார் என்பது நிஜம்தான். அதை வைத்து மனைவியைக் கொன்றார் என்று எப்படிச் சொல்வது?

குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரையாவது அந்தக் கட்டத்தை நிறுத்திவையுங்கள். அந்த வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருப்பதாக உங்கள் செய்தியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தினசரி வாசகர்