கல வளர்ப்புக் கருவிகளில் ஒட்டு ஒரு சிறு விடயமல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டிலிருந்து பெருவிலை கொடுத்துத் தருவிக்க வேண்டிய கல வளர்ப்புக் கருவிகளைத் தாமே செய்துகொள்ள எமது பல்கலைக்கழக மாணவர்கள் முன்வருவது மிகுந்த மகிழ்ச்சிக்குரியது. நுண்ணிய கால்வாய்கள் பதிக்கப்பட்ட சிலிக்கோன் துண்டொன்றைப் பிளாஸ்ரிக் தட்டின் மேல் ஒட்டி, கால்வாய்களினூடாக வளர்ப்பு ஊடகத்தை (கலங்களுக்கு ஊட்டமளிக்கும் திரவத்தை) ஓடவிட்டு, உள்ளே கலங்களை உயிருடன் பேணி அவதானிப்பதே இக்கருவிகளின் அடிப்படை. 2010 ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுரையீரலின் காற்றறைச் சுவர் இயங்கும் விதத்தை இத்தகைய சிலிக்கோன் கருவியொன்றில் செய்து காட்டியதன் பின்னர் இத்துறை வெகுவாக வளர்ந்துவிட்டது. ஆயினும் கால்வாயின் வடிவமைப்புக்கு இங்கு செலவிடப்படும் கவனத்தில் ஒரு பங்குதானும் அதன் ஒட்டுக்குச் செலவிடப்படுவதில்லை என்பதை, ஆய்வுகூடப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சுட்டிக்காட்ட விரும்புகின்றேன்.

சிலிக்கோன் பிளாஸ்ரிக்கில் ஒட்டாதபோது பலரும் உடனே நாடுவது ஹாட்வெயார் கடையில் மீன்தொட்டிக்கென விற்கப்படும் பசையைத்தான். அது உலரும்போது வரும் வினாகிரி மணம் அசற்றிக் அமிலத்தினுடையது. மணமில்லாத வகைகளும் உலருகையில் வேறு சேர்வைகளை வெளிவிடுகின்றன. குளியலறைக்கென விற்கப்படுபவற்றில் பூஞ்சணக் கொல்லியும் சேர்க்கப்பட்டிருப்பதுண்டு. மீன்தொட்டியில் உள்ள பெருமளவு நீரில் இவை ஐதாகிவிடும். நுண்கால்வாயிலோ சில மைக்கிரோலீற்றர் ஊடகமே இருப்பதால், பசையிலிருந்து கசியும் மிகச் சிறிய அளவே கலங்களைக் கொல்லப் போதுமானது. அவ்வாறு கலங்கள் இறக்கும்போது, தான் பரிசோதித்த மருந்தே அவற்றைக் கொன்றதென மாணவர் முடிவுசெய்து ஆய்வறிக்கையிலும் எழுதிவிடக்கூடும். என்னை மிகவும் உறுத்துவது இதுவே. ஒழுகும் கருவி தன் குறையை உடனே காட்டிவிடுகிறது; ஒழுகாமல் நஞ்சூட்டும் கருவி பொய்யான முடிவையே தருகிறது.

சிலிக்கோன் கண்ணாடியில் நன்றாக ஒட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒட்சிசன் பிளாஸ்மாவில் (மின்சக்தியால் அயனாக்கப்பட்ட ஒட்சிசன் வாயுவில்) ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்தாலே சிலிக்கோனின் மேற்பரப்பிலுள்ள மெதைல் கூட்டங்கள் நீங்கி, சிலிக்கன் மூலகத்துடன் இணைந்த ஐதரொட்சில் கூட்டங்கள் தோன்றுகின்றன. அதேபோலப் பரிகரிக்கப்பட்ட கண்ணாடியை அதன்மேல் வைத்தால் நீர் வெளியேறி, சிலிக்கன்-ஒட்சிசன்-சிலிக்கன் பிணைப்பு நிரந்தரமாக உண்டாகிறது. கல வளர்ப்புத் தட்டுகள் செய்யப்படும் பொலிஸ்ரைரீனிலோ காபனும் ஐதரசனும் மாத்திரமே உண்டு. பிளாஸ்மா அதன் மேற்பரப்பிலும் ஒட்சிசன் கூட்டங்களை உண்டாக்கும் என்றாலும், அவை சிலிக்கோனுடன் நீரில் நிலைத்து நிற்கும் பிணைப்பை ஏற்படுத்துவதில்லை. எனவே இரண்டுக்கும் இடையில் பாலமாக, சிலிக்கனைக் கொண்ட சைலேன் என்னும் சேர்வையொன்று தேவைப்படுகிறது. பிளாஸ்மாவிலிருந்து எடுத்த பிளாஸ்ரிக்கை ஐதான அமினோசைலேன் கரைசலில் அமிழ்த்தி, கழுவி, உலர்த்தினால் அதன் மேற்பரப்பும் கண்ணாடியின் இயல்பைப் பெறுகிறது. அதன் பின்னர் பிளாஸ்மாவிட்ட சிலிக்கோனை அதன்மேல் வைத்து அழுத்தலாம்.

இத்துடன் வேலை முடிந்துவிட்டதென எண்ணுபவர்களும் ஏமாறுகிறார்கள். சாதாரண அமினோசைலேன் தரும் ஒட்டு உலர்ந்த நிலையில் உறுதியாக இருந்தாலும், 37 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நாட்கணக்காக ஊடகத்துள் இருக்கையில் நீர்ப்பகுப்படைந்து தளர்ந்துவிடுகிறது. ஒரு மூலக்கூறின் இரு முனைகளிலும் சிலிக்கன் கூட்டங்களைக் கொண்ட இரட்டைச் சைலேன் வகைகள் இதனைவிட நன்றாகத் தாங்குகின்றன. ஒரு மேற்பரப்பில் அமினோசைலேனையும் மற்றதில் எபொக்சிசைலேனையும் இட்டு அறை வெப்பநிலையிலேயே ஒட்டும் முறையும் உண்டு. பொலிஸ்ரைரீன் ஏறத்தாழ 100 பாகையில் இளகத் தொடங்குவதால் சூடாக்காத முறை அதற்குப் பொருத்தமானது. அதே காரணத்தால், ஒட்டிய கருவியை 121 பாகை அழுத்தக் கொதிகலத்தில் கிருமிநீக்க முடியாது. 70 சதவீத எதனோலையோ புறஊதா ஒளியையோ நம்ப வேண்டியிருக்கும். எமது ஈரப்பதன் மிக்க காலநிலையில், அடிக்கடி திறந்து மூடப்படும் சைலேன் போத்தல் விரைவில் பழுதாகிவிடும் என்பதையும் நினைவிற் கொள்வது நல்லது.

ஒட்டைச் சோதிப்பதற்குப் பெரிய செலவேதும் இல்லை. பிளாஸ்மாவிட்ட உடனே மேற்பரப்பில் ஒரு துளி நீரை வைத்தால் அது உருண்டு நிற்காமல் பரவ வேண்டும். பரவினாலும் காலந்தாழ்த்தக் கூடாது. சில மணித்தியாலங்களில் சிலிக்கோன் தன் பழைய இயல்புக்குத் திரும்பத் தொடங்கிவிடும். ஒட்டிய மாதிரியொன்றைச் சவரக்கத்தியால் ஓரத்தில் கீறி இழுக்கும்போது சிலிக்கோன் சுத்தமாகக் கழன்று வந்தால் அந்த ஒட்டு உதவாது; சிலிக்கோன் தானே கிழிந்து பிளாஸ்ரிக்கில் ஒரு படலம் எஞ்சினால்தான் நம்பலாம். பின்னர் கால்வாயில் நிறமூட்டிய நீரை நிரப்பி, பரிசோதனை நடக்கும் அத்தனை நாட்களும் 37 பாகையில் வைத்து, சுவரின் கீழே மெல்லிய நிறக்கோடு ஊர்கிறதா என நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். ஒட்டிய துண்டை ஊடகத்தில் ஒரு நாள் ஊறவைத்து, அந்த ஊடகத்தில் கலங்களை வளர்த்து, ஊறவைக்காத ஊடகத்தில் வளர்ந்தவற்றுடன் ஒப்பிடுவது எல்லாவற்றிலும் முக்கியமானது. மருத்துவ உபகரணங்களுக்கான ஐ.எஸ்.ஓ 10993-5 நியமமும் இத்தகைய சோதனையையே விதிக்கிறது.

லேற்றெக்ஸ் கையுறை அணிந்து சிலிக்கோனைக் கலப்பதையும் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள கந்தகச் சேர்வைகள் சிலிக்கோனை இறுகச்செய்யும் பிளாற்றினம் ஊக்கியைத் தடுப்பதால் தொட்ட இடம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். நைற்றைல் கையுறை போதுமானது.

மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்திலும் பொறியியல் பீடம் கிளிநொச்சியிலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே விழும் இந்த வேலையைப் பொறுப்பேற்பவர் இல்லாமற் போவது இலகு. வடக்கின் ஆய்வுகூடங்கள் யாவும் நேரம் பகிர்ந்து பயன்படுத்தத்தக்க சிறிய பிளாஸ்மாக் கருவியொன்றையும், அதனை இயக்கவும் சைலேன்களைப் பேணவும் பயிற்றப்பட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரையும் ஓரிடத்தில் அமர்த்த உரியவர்கள் முன்வர வேண்டும். அதுவரையிலேனும், இறுதியாண்டு ஆய்வுத் திட்டங்களின் கால அட்டவணையில் ஒட்டுச் சோதனைக்கெனத் தனியான காலத்தை ஒதுக்குமாறும், எந்தப் பசை அல்லது சைலேன் பயன்படுத்தப்பட்டது, ஊறவைத்த ஊடகத்தில் கலங்கள் எவ்வாறு வளர்ந்தன என்ற விபரங்கள் இல்லாத ஆய்வறிக்கையை ஏற்காதிருக்குமாறும் மேற்பார்வையாளர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுநிலை ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
கொக்குவில்.