பக்கத்து வீட்டுப் பெரியவர்

ஈரி, பென்சில்வேனியா
டிசம்பர் 8, 2024

அன்புள்ள வசந்தி,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே போன வாரம் கொட்டித் தீர்த்த பனியில் கதவையே திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் தன் மெஷினைக் கொண்டுவந்து எங்கள் வாசலையும் சேர்த்து ஒதுக்கிவிட்டுப் போனார்.

ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்ட ஊர் எப்படி டிரம்புக்கு மாறியது என்று கேட்டிருந்தாயே, அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னாலே புரியும். இந்த மாவட்டம் 2008, 2012 இரண்டிலும் ஒபாமா பக்கம். 2016-ல் டிரம்ப் சுமார் 2,000 ஓட்டில் ஜெயித்தார். 2020-ல் பைடன் 1,400 சொச்சத்தில். இப்போது மறுபடி டிரம்ப். பெரியவரும் ஒவ்வொரு முறையும் அப்படியேதான் போட்டிருக்கிறார்.

இங்குள்ள ரயில் இன்ஜின் ஆலையில் முப்பது வருஷம் வெல்டராக இருந்தவர். 2015 கடைசியில் அங்கே 1,500 பேருக்கு வேலை போகும் என்று அறிவித்தார்கள். அந்த வேலை போனது டெக்சாஸுக்கு, இதே நாட்டுக்குள்! ஆனாலும் வெளிநாட்டுக்காரன் திருடிவிட்டான் என்ற டிரம்பின் பேச்சுதான் அவர் மனதில் ஒட்டியது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். உள்ளே போய், இன்ஜினில் பதிக்கும் தகடு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஊர்ப் பெயர் பொறித்திருந்தது. "இதைப் பெருமையாகப் பேசியது அந்த ஒரு ஆள்தான்" என்றார். மற்றவர்கள் பேசிய பயிற்சித் திட்டம், உதவித்தொகை எல்லாம் அவருக்குப் பிச்சை போடுவதுபோல் பட்டிருக்கிறது.

இந்த முறை அக்டோபர் வரை அவர் முடிவு செய்யவில்லை. ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில், டிரம்பை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸின் கட்சிக்காரர்களும் கொடி பிடித்து "யுஎஸ்ஏ" என்று முழங்கினார்கள். "நல்லதுதான், ஆனால் இப்போதுதான் ஞாபகம் வந்ததா?" என்றார். ஜூலையில் எங்கள் மாநிலத்து பட்லர் ஊர்க் கூட்டத்தில், சுடப்பட்டுக் காதில் ரத்தம் வழிய டிரம்ப் முஷ்டியை உயர்த்திய படம் அவர் போனில் இருந்தது. மளிகை விலையும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பெருமையை என்னால் குறை சொல்ல முடியவில்லை, வசந்தி. செய்த வேலையை நாலு பேர் மதிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் இருக்காது? ஆனால் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிய ஹைட்டிக்காரர்கள் நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்று அதே ஆள் விவாத மேடையில் சொன்னாரே, அதைப் பெரியவர் நம்பவில்லை. நம்பாமலேயே ஓட்டுப் போட்டார். அதுதான் எனக்கு வலிக்கிறது. வந்தேறிகள் என்றால் நாங்களும்தானே என்று கேட்டேவிட்டேன். பதறிப் போய், "ஐயோ, உங்களைச் சொல்லவே இல்லையே" என்றார். மனதாரத்தான் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

சரி, சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். பொங்கலுக்குப் போன் செய்கிறேன்.

அன்புடன்,
மீனா