கார் சீட்டிலிருந்து போனது அழுக்கு இல்லை, சாயம்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், தண்டையார்பேட்டை, சென்னை 600081.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், தலைமை அலுவலகம்.

பொருள்: உங்கள் வடசென்னைக் கிளையில் காரின் தோல் சீட்டுகளைச் சுத்தம் செய்தபோது ஏற்பட்ட சேதம், பழுது நீக்கமும் பணமும் கோருதல்.

ஐயா / அம்மா,

போன மாதம் 14ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் காரை உங்கள் கிளையில் விட்டேன். சீட்டு எல்லாம் அசல் தோல், சந்தன நிறம். வண்டிக்கு ஒன்பது வயது, எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். உள்பக்கம் முழுக்கச் சுத்தம் செய்ய 3,500 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 4,130. கட்டிவிட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டியை எடுக்க வந்தபோது சீட்டுகள் அல்வா மாதிரி மின்னின. எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

புதன்கிழமை கதவைத் திறந்தால் ஊறின கோணிப்பை வாடை. வெள்ளிக்கிழமை அப்பாவைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சலவை வேட்டி. இறங்கி நடந்தபோது வரிசையில் நின்ற அம்மா ஒருவர், “பெரியவரே, பின்னால சந்தனம் கொட்டியிருக்கு பாருங்க” என்றார். அது சந்தனம் இல்லை, சீட்டின் நிறம். இரண்டு வருஷமாக அதே சீட்டில், அதே வெள்ளை வேட்டியில்தான் அப்பா உட்கார்ந்து வருகிறார். ஒரு நாளும் ஒட்டாத நிறம் அன்றைக்கு ஒட்டியது.

மறுநாள் உங்கள் கிளைக்கு வந்தேன். மேலாளர் சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ஒன்பது வருஷ வண்டி சார், தோல் அப்படித்தான் தேயும். எவ்வளவு அழுக்கு எடுத்திருக்கோம்னு பாருங்க” என்று சொல்லி, 14ஆம் தேதி மத்தியானம் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தையே திரும்பவும் காட்டினார். படத்தில் ஒரு மைக்ரோஃபைபர் துணி, பக்கத்தில் ஒரு பக்கெட். அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

நான் ராயபுரத்தில் பிறந்து தண்டையார்பேட்டையில் குடியிருப்பவன். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பை விரலால் தொட்டால் விரல் மை தொட்ட மாதிரி ஆகிவிடும். 2011இல் உயர்நீதிமன்றம் சொல்லி அந்த நிலக்கரி எண்ணூருக்குப் போனது. போனாலும் கன்டெய்னர் லாரிகள் விடவில்லை. இன்றைக்கும் மாடியில் காயும் துணியை உதறினால் வருவது கறுப்புத்தான். எங்கள் ஊர் அழுக்கின் நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் படத்தில் இருக்கும் துணி கறுப்பாக இல்லை. ஓரத்தில் மட்டும் லேசான சாம்பல், மற்றபடி முழுக்கச் சந்தன நிறம். பக்கெட்டில் இருக்கும் தண்ணீர் பால் அதிகம் ஊற்றின டீ மாதிரி. என் சீட்டின் நிறத்தைக் கரைத்து எடுத்து, அதையே படம் பிடித்து, வேலை நன்றாக நடந்ததற்குச் சாட்சியாக எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

என் தாய்மாமா பெரியமேட்டுத் தோல் மண்டியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் வண்டியைக் காட்டினேன். பேசாமல் ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்துப் பின்சீட்டில் ஒரு சொட்டு வைத்தார். முத்து மாதிரி உருண்டு நின்றது. டிரைவர் சீட்டின் சாய்மானத்தில் இன்னொரு சொட்டு வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி, ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்தது. “மேல்பூச்சு போயிடுச்சுடா, வெறும் தோல்தான் இருக்கு” என்றார்.

அவர் சொன்னதை உங்கள் மேலாளருக்காக எழுதுகிறேன். கார் சீட்டுத் தோல் பெரும்பாலும் வெறும் தோலாக வருவதில்லை. பதனிட்ட தோலின் மேல் நிறப் பூச்சு, அதன் மேல் நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. நம் கை படுவதும் அழுக்கு உட்காருவதும் அந்தப் படலத்தின் மேல்தான். ஆகவே சீட்டைத் துடைக்கிறவர் உண்மையில் துடைப்பது பெயிண்டை. காரின் வெளிப்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்ப்போமா? உள்ளே அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

அன்று காலை அரை மணி நேரம் அங்கேயே நின்றிருந்தேன் என்பதால் செய்த விதமும் எனக்குத் தெரியும். உங்கள் பையன் ஊதா நிற கிளீனரைத் தண்ணீர் கலக்காமல் நேராகச் சீட்டின் மேல் அடித்தான். மிதியடிக்கும் கதவுக்கும் டேஷ்போர்டுக்கும் அதே பாட்டில். “இது தோலுக்கானதா தம்பி?” என்று கேட்டேன். “எல்லாத்துக்கும் இதான்ணே” என்றான். பாட்டிலின் மேலேயே ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணீர் என்று படம் போட்டிருந்தது. முதலில் கெட்டியான பிரஷ். கறை போகாத இடத்தில் வெள்ளை ஸ்பாஞ்சு, அந்த மேஜிக் ஸ்பாஞ்சு என்கிறார்களே, அது. பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தாலும் அது மிக நைசான உப்புத்தாள் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. சுவரில் பிள்ளைகள் கிறுக்கியதை அழிக்கச் சரி.

முன்சீட்டு இரண்டும் பொடிப்பொடி ஓட்டை போட்ட தோல். அதில் தண்ணீரையோ நுரையையோ நேராக அடித்தால் ஓட்டை வழியாகச் சீட்டுக்கு உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சுக்குள் போய்விடும். துணியில் கொஞ்சமாக எடுத்துத் துடைத்து, உடனே இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் நிழலில், கதவு நான்கையும் திறந்து வைத்துக் காயவிட வேண்டும். என் வண்டி ஏழு மணிக்குக் கண்ணாடி முழுக்க ஏற்றிய நிலையில் நின்றது. கடலோரக் காற்றில் கைக்குட்டைகூட லேசில் காயாத ஊர் இது. மூடிய காருக்குள் ஊறின ஸ்பாஞ்சு எப்படிக் காயும்? ஓட்டைகளில் வெள்ளையாகக் காய்ந்து அடைத்திருக்கும் சோப்பை இன்றைக்கும் குண்டூசியால் நோண்டி எடுக்கலாம். நாலைந்து எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

வண்டியை எடுக்க வந்தபோது பார்த்த அந்தப் பளபளப்பு சிலிக்கோன் பாலிஷ். பிரேக் போட்டால் அப்பா முன்னால் வழுக்கிக்கொண்டு வருகிறார். பழுது பார்க்கும் இடத்தில் விசாரித்தேன். சிலிக்கோன் இருந்தால் புதுப் பூச்சு ஒட்டாதாம். முதலில் அதை முழுக்க எடுத்தாக வேண்டும் என்று சொல்லி, முன்சீட்டு இரண்டுக்கும் 14,000 ரூபாய் கேட்கிறார்கள்.

தேய்மானம் என்ற பதிலுக்கு வருகிறேன். உட்கார்ந்து எழுந்து தேய்ந்தால், ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பில்தான் முதலில் தேயும். என் வண்டியில் சாய்மானத்தின் நடுவில், பிரஷ் சுற்றிய வட்டம் வட்டமாகப் போயிருக்கிறது. வண்டியை விடும் முன் நான் எடுத்த ஆறு படங்களை இணைத்திருக்கிறேன். அதில் ஜீன்ஸ் சாயம் ஏறிய நீலக் கறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதைப் போக்கத்தானே வந்தேன். சீட்டுக்கு அடியில் கண் படாத ஓர் இடத்தில் ஒரு தடவை தேய்த்துப் பார்த்திருந்தால், துணியில் நிறம் வருவதைக் கண்டு அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை.

கடைசியாக உங்கள் மேலாளர் இலவசமாக சீட் கவர் போட்டுத் தருவதாகச் சொன்னார். புண்ணுக்கு மருந்து கேட்டால் சட்டை தருகிறார். என் வண்டியில் முன்சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. சாதாரணக் கவரை இறுக்கி மாட்டினால் அது விரிய வேண்டிய நேரத்தில் தடுக்கும். ஈரம் போகாத சீட்டை மூடினால் பூஞ்சை வேறு. வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். முன்சீட்டுகளைக் கழற்றி ஸ்பாஞ்சைக் காயவைத்து, சிலிக்கோனை எடுத்து, தோலுக்குப் பூச்சு வேலை தெரிந்தவரை வைத்து நிறமும் மேல்பூச்சும் சரி செய்து தர வேண்டும், அல்லது அதற்கான 14,000 ரூபாயைத் தர வேண்டும். இரண்டில் எதுவானாலும் நான் கட்டிய 4,130 ரூபாய் திரும்ப வர வேண்டும். வேட்டிக்குப் பணம் கேட்கவில்லை. அதை அம்மா ஏற்கனவே கரித்துணி ஆக்கிவிட்டார்.

இன்னொன்று. இதற்காக அந்தப் பையனின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலைக் கொடுத்தது அவன் இல்லை. ஒரு மணி நேரத்தில் நான்கு சீட்டையும் முடி என்று அவனிடம் சொன்னதை நானே கேட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு போடுவேன். பில் நகல், வண்டியை விடும் முன்னும் எடுத்த பின்னும் எடுத்த படங்கள், பழுதுக்கான மதிப்பீடு, நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படம் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன.

அந்தச் சந்தன நிறத் துணி இன்னும் கிளையில் இருந்தால் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை