கனவு இல்லத்தில் லாரி பேக்கருக்கும் ஓர் இடம் கொடுங்கள்

தமிழ்நாடு ஊரக வளர்ச்சித் துறையின் பொறியாளர்களுக்கும், கலைஞர் கனவு இல்லத் திட்டத்தின் விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் கோரிக்கை ஒன்றுதான். வீடு கட்டும் குடும்பம் விரும்பினால், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிக் காட்டிய முறைகளில் சுவரும் கூரையும் அமைத்துக்கொள்ள இந்தத் திட்டத்தில் வழி செய்யுங்கள். அதற்கான அளவும் விலையும் உங்கள் எஸ்டிமேட்டில் ஏறட்டும்.

2024இல் வந்த விதிகள் உங்களுக்குத் தெரிந்தவையே. 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்சம் ரூபாய், அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மண்ணால் சுவர் எழுப்பக் கூடாது. மழைக்கு ஒழுகியும் தீக்குப் பயந்தும் குடிசையில் காலம் தள்ளியவர்களுக்கு உறுதியான வீடு வேண்டும் என்ற அக்கறையில் எழுதியவை இவை. அந்த அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சித்திரை வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, ஏதாவது ஒரு தொகுப்பு வீட்டுக்குள் போய் நின்று பாருங்கள். கூரை இறக்கும் சூட்டில் மின்விசிறி அனலைத்தான் தள்ளும். வீட்டுக்காரர்கள் வாசலில் ஓர் ஓலைப் பந்தல் போட்டுக்கொண்டு பகல் முழுக்க அங்கேயே இருப்பார்கள். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வீடு, வேண்டிய நேரத்தில் உதவாமல் பூட்டிக் கிடக்கும்.

பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவச் சேவை செய்துவிட்டுத் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 1945இல் இந்தியாவுக்கு வந்தார், தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்ட. மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலையில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே ஊர் மக்கள் கிடைத்த கல்லையும் மரத்தையும் மண்ணையும் வைத்துக் கட்டிய வீடுகள்தான் அவருக்கு இரண்டாவது கல்லூரி. கட்டுவதற்கான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்கட்டும் என்ற காந்தியின் எண்ணத்தை, அதன் பிறகு கேரளத்தில் வாழ்ந்த காலம் முழுக்க அவர் கைவிடவில்லை.

இயற்கையிடம் கற்ற கட்டடக் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். பூவையும் இலையையும் சுவரில் செதுக்கியதால் வந்த பெயர் அல்ல அது. நிலம் சரிந்தால் கட்டடமும் சரிவோடு இறங்கும். மரம் குறுக்கே நின்றால் சுவர் வளைந்து வழிவிடும். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் 1971இல் அவர் கட்டத் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வளைவு வெறும் அழகுக்காகவும் இல்லை. வளைந்த சுவர் தன் வளைவாலேயே பலமாக நிற்பதால், நேர்ச்சுவருக்கு வேண்டிய கனம் அதற்குத் தேவையில்லை, செங்கல் மிச்சம்.

இப்போது உங்கள் வேலைக்கு நேரடியாகப் பயன்படுவதற்கு வருகிறேன். கூரைத் தளத்தில் மேல்பகுதிக் கான்கிரீட்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கே கம்பிகளுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட்டுக்கு அநேகமாக வேலையே இல்லை. இது உங்கள் எல்லோருக்கும் பாடத்தில் வந்ததுதான். அந்த இடத்தில் பேக்கர் பழைய மங்களூர் ஓடுகளை வைத்தார், ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் காற்று அடைபடும்படி. ஓட்டை நன்றாகத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட்டின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். தளத்தின் எடை குறைகிறது, எடை குறைவதால் கம்பியும் குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை எளிதில் கீழே விடுவதில்லை. ஃபில்லர் ஸ்லாப் என்று உலகமே அறிந்த முறை இது. நம் ஊர்களில் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது ஓடுகள் வேலியோரம் குவிந்து கிடப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. அதே ஒன்பது அங்குலச் சுவர்தான்; செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிஞ்சும், கலவையும் குறையும். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கோணல் மாணலான நாட்டுச் செங்கல்லுக்கு இது சரிப்படாது. விளிம்பு சுத்தமாக இருக்கும் கல் வேண்டும், கொத்தனாருக்குக் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் பண்ணை வீட்டுக்குத்தான் என்று யாராவது சொன்னால், பூந்துறையைக் காட்டுங்கள். திருவனந்தபுரத்துக் கடற்கரையில் எழுபதுகளில் மீனவர்களுக்காக அவர் கட்டிய குடியிருப்பு அது. வீடுகளை நேர்வரிசையில் அடுக்காமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்தார். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு முற்றம், கடல் பார்வை. துளைகள் விட்டுக் கட்டிய செங்கல் ஜாலிச் சுவர் வழியாகக் கடற்காற்று தடையில்லாமல் உள்ளே வந்து வெளியேறும். ஏழைக்குக் கட்டுவதால் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

உங்கள் தரப்பின் தயக்கமும் எனக்குத் தெரியும். இப்படி ஒரு கூரை போடலாமா என்று கேட்ட ஒரு குடும்பத்திடம், “போடலாம், ஆனா எம்-புக்ல நான் என்னன்னு எழுதுறது?” என்று ஓர் ஓவர்சியர் கேட்டதை நான் அருகில் இருந்து கேட்டேன். எம்-புக் என்பது முடித்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு. நியாயமான கேள்வி. விலைப்பட்டியலில் இல்லாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தணிக்கையில் அவர் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? தவணை நின்றுபோனால் அந்தக் குடும்பம்தான் என்ன செய்யும்? அதனால்தான் அவரிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன்.

மண் சுவர் தடையையும் மறுபடி பாருங்கள். மழையில் கரையும் பழைய சுவரும், கொஞ்சம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய மண் கட்டியும் ஒன்றல்ல. பின்னதை 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், விழுப்புரம் மாவட்டத்திலேயே, இத்தனை ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வருகிறது. கேரளத்தில் பேக்கரின் முறைகளை 1985 முதல் காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு தொடர்ந்து கட்டி வருகிறது. கொத்தனார்களுக்குப் பயிற்சி தர ஆளில்லை என்ற நிலைமை இல்லை.

முதலில் மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியத்திலாவது, விரும்பும் குடும்பங்களுக்கு ஃபில்லர் ஸ்லாப் கூரையை அனுமதியுங்கள். அந்த ஒன்றியத்து ஓவர்சியர்களை ஒரு நாள் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அந்த வளாகத்தின் வடிவமைப்பில் பேக்கருக்கும் பங்கு உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் போனால், கொத்தனார்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுவர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
கட்டுமானத் தொழிலில் இருக்கும் ஒருவன்