பருந்தின் பெயரால் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த பழமொழிப் பயிற்சியில் ‘உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது’ என்பது மீண்டும் இடம்பெற்றிருந்தது. பருந்தின் பெயரால் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். படிப்பில் பின்தங்கிய மாணவனிடம் பெரியவர்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முயலும் பிள்ளையை முடக்கிப்போடும் பழமொழிக்கு வகுப்பறையில் இத்தனை முதன்மை தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதே பறவையை வைத்து நம் முன்னோர் இதைவிட நுட்பமாகப் பேசியிருக்கிறார்கள். இலக்கணச் சூத்திரங்கள் அமையும் முறையை விளக்க வந்த நன்னூலார் பவணந்தி முனிவர் ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து ஆகியவற்றோடு ‘பருந்தின் வீழ்வு’ என்பதையும் வைத்தார். தொலைவிலிருந்து இறங்கி, வேண்டிய பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு அகன்றுவிடும் சூத்திரம் அது. முற்பகலில் நம் சிங்கப்பூரின் கிராஞ்சி நீர்த்தேக்கக் கரையில் சற்று நேரம் காத்திருப்பவர்களுக்கு இதற்கு உரையே தேவைப்படாது: சிறகசைக்காமல் வெப்பக் காற்றில் வட்டமிடும் செம்பருந்து சட்டெனச் சரிந்து, உடல் நனையாமல் நீர்ப்பரப்பிலிருந்து மீனைக் காலால் பற்றி, எங்கும் அமராமல், பறந்தபடியே தலையைக் குனிந்து அதைக் கொத்தித் தின்னத் தொடங்கிவிடும். பாட்டும் யாழும் பிரியாமல் இணைந்து சென்றதைச் சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் ‘பருந்தும் நிழலும் போல’ என்றதும் இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்து பிறந்ததுதான் என்று நம்புகிறேன்.

வெண்தலையும் செம்மேனியும் கொண்ட இப்பறவையைத்தான் கருடன் என்று குடமுழுக்கு நாளில் அண்ணாந்து பார்த்துக் கைகூப்புகிறோம். 1976 முதல் வெளிவந்த பறவை வரிசைப் பணத்தாள்களில் 1,000 வெள்ளித் தாளை அலங்கரித்ததும் இதுவே; 10,000 வெள்ளித் தாளில் வெண்வயிற்றுக் கடற்கழுகு இருந்தது. இவ்விரண்டும் இன்றும் நம் தீவின் வானில் பறக்கின்றன. ஆயினும் கட்டுரையில் ‘பருந்துப் பார்வை’ என்று எழுதும் மாணவர்களில் பலர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்கு மேலே பருந்து வட்டமிடுவதைக் கவனித்ததே இல்லை.

ஆகவே, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் அமைப்புகளும் பள்ளிகளும் ஒரு காலைப்பொழுதேனும் மாணவர்களைச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கோ கிராஞ்சிக்கோ அழைத்துச் சென்று, பறவையைக் காட்டி, அதன் பிறகு இத்தொடர்களைக் கற்பிக்க முன்வர வேண்டும். தங்கள் மாணவர் பக்கமும் அடுத்த பயிற்சியில் பருந்தின் வீழ்வுக்கும் பருந்து நிழலுக்கும் இடமளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன், சிங்கப்பூர்