பெறாமக்களின் பணிசுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

முழங்காவில், நாச்சிக்குடா உறவுகளுக்கு,

மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த அக்காவின் பிள்ளைகள் இருவரும், போவதற்கு முன் ஒருநாள் தாங்களே சமைத்து எங்களுக்குப் பரிமாறவேண்டும் என்று நின்றார்கள். அவர்கள் தெரிந்தெடுத்தது ஸ்லொப்பி ஜோ. அரைத்த மாட்டிறைச்சியைத் தக்காளியோடு வற்றவைத்து, பணிசைப் பிளந்து நடுவில் அள்ளிவைத்துச் சாப்பிடுவது. அமெரிக்காவில் இதற்கென்றே மான்விச் என்ற தகரச் சோஸ் 1969இலிருந்து விற்கிறார்கள். உடைத்து ஊற்றினால் வேலை முடிந்தது. இங்கே ஏ32 வீதிக்கரையில் எங்களுக்கு அந்தத் தகரமும் கிடையாது, அரைத்துப் பொதிசெய்த இறைச்சியும் கிடையாது. பணிஸ் தொடக்கம் எல்லாம் நாங்களே செய்தோம். எங்கள் ஒரு வீட்டால் ஆகியிருக்கக்கூடிய காரியமில்லை அது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி நாச்சிக்குடா இறைச்சிக்கடை நானாவுக்கு. "போயாவுக்குக் கடை பூட்டு. அடுத்தநாள் விடியவே வாங்கோ, நல்லதா எடுத்து வைக்கிறன்" என்றார். வயல் தாளிலும் காட்டோரத்திலும் மேய்கிற எங்கள் ஊர் மாட்டின் இறைச்சியில் கொழுப்பு குறைவு. அதைத் தனியே அரைத்தால் வெந்ததும் வறண்டு போகும். நூற்றுக்கு இருபது பங்காவது கொழுப்பு வேண்டும் என்று பெரியவன் சொன்னதும், நானா தோள்ப்பக்கத்தில் மூன்று கிலோ வெட்டி, வேறாகக் கழித்து வைத்திருந்த கொழுப்பையும் காசில்லாமல் போட்டுத் தந்தார். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது அவரது குடும்பமும் இந்த ஊரை விட்டுப் போனது. போனவர்கள் திரும்பி வந்து, அதே மண்ணில் கடை போட்டு, எங்கள் பிள்ளைகளை மடியில் இருத்தித் தேத்தண்ணி தருகிறார்கள். நானா, நீங்கள் திரும்பி வந்ததற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றுகிற பழைய அரைக்கும் மிசினைத் தந்தவர் எங்கள் பங்கு ரீச்சர். வாடியிலிருந்து ஐஸ் கொண்டுவந்த தம்பிக்கும் நன்றி. இறைச்சியும் மிசினும் நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் கொழுப்பு உருகி இழுபடாமல் மணிமணியாக அரைபடும். அந்த வெயிலில் ஐஸ் இல்லாமல் இது நடந்திராது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன சொல்வது! அவர் வீட்டில் மாட்டிறைச்சி தொடுவதில்லை. பட்டி நிறையப் பசு வளர்க்கிறவர். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ, "நான் அதைத் தொடமாட்டன், ஆனா பிள்ளையளுக்கு மா குழைச்சுத் தாறன்" என்று கறந்த பாலோடு வந்து நின்றார். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு அரை லீற்றர் காய்ச்சி ஆறிய பால், இரண்டு முட்டை, ஈஸ்ட், கொஞ்சம் சீனி, உப்பு, பட்டர். கையில் ஒட்டாமல் வரும்வரை அவர்தான் குழைத்தார். வன்னி வெக்கையில் மா பொங்க அதிக நேரம் எடுக்கவில்லை. பிறகு தன் அடுப்பில், தன் சட்டியில், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கென்று அதே சேர்மானத்தில் சோயா மீற் கிண்டினார். அன்று எங்கள் முற்றத்தில் எல்லோரும் ஒன்றாயிருந்து சாப்பிட முடிந்தது அவரால்.

வெதுப்பக முதலாளி ஐயா, பின்னேரப் பாண் இறங்கியபின் உங்கள் விறகுப் போறணையை எங்களுக்கு விட்டுத் தந்தீர்கள். பாணுக்கு வேண்டிய உச்சச் சூட்டில் பணிஸ் கருகிவிடும் என்று, ஒரு பிடி மாவை உள்ளே எறிந்து, அது சிவக்கிற வேகத்தைப் பார்த்துச் சூடு தணியும்வரை பொறுக்கச் சொன்னீர்கள். அந்தப் பொறுமையின் பலன் பணிசின் மேல்தோலில் தெரிந்தது.

அம்மம்மாவுக்கு நான் வீட்டுக்குள்ளேயே நன்றி சொல்லிவிடலாம். ஆனால் ஊருக்கும் தெரியவேண்டும். செய்முறையில் வூஸ்டர் சோஸ் கேட்டிருந்தது. இங்கிலாந்தில் 1837இலிருந்து விற்பனைக்கு வரும் அந்தச் சோசில் என்னென்ன இருக்கிறது என்று சின்னவள் வாசித்தாள்: வினாகிரி, கரும்புப் பாகு, நெத்தலி, புளி, வெங்காயம், உள்ளி. "இதெல்லாம் என்ர அடுப்படியில கிடக்கு" என்று எழும்பினார் அம்மம்மா. பழப்புளியைக் கரைத்து, நெத்தலிக் கருவாட்டைத் தட்டிப் போட்டு, உள்ளியும் பனங்கட்டியும் வினாகிரியும் சேர்த்துக் கொதிக்கவைத்து வடித்துத் தந்தார். இறைச்சியை எண்ணெய் விடாமல் அகலத் தாச்சியில் போட்டு, தண்ணீர் வற்றி அடியில் சிவக்கும்வரை பெரியவன் கிளறினான். அதன்பின் வெங்காயம், கறிமிளகாய், தக்காளி, அரைத்த கடுகு, கடைசியாக அம்மம்மாவின் புளிச்சாறு. அரைத்த இறைச்சியில் மேற்பரப்பின் கிருமி உள்ளேயும் கலந்துவிடுவதால் 71 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது என்று, கொண்டுவந்த வெப்பமானியைக் குத்திக் குத்திப் பார்த்தான். நாங்கள் இறைச்சியை எப்போதும் நன்றாக வேகவைத்துத்தான் பழக்கம். ஆனாலும் அவன் கவனம் எனக்குப் பெருமையாக இருந்தது.

என் எண்ணத்தில், தகரச் சோஸ் இந்தச் சுவைக்குக் கிட்டவும் வராது. பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் பிரயாணப் பெட்டியில் அம்மம்மாவின் புளிச்சாறு ஒரு போத்தல் போயிருக்கிறது.

ரீச்சர், மிசினைப் பிரித்துச் சுடுதண்ணீரில் கழுவி, துருப்பிடிக்காமல் தேங்காய் எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிய வீட்டுக்குக் கொண்டுவந்து தருவேன். ஐஸ் பெட்டி தம்பியின் வாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. செய்முறை கேட்ட பிள்ளைகள் எந்தப் பின்னேரமும் வரலாம், எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
பிள்ளைகளின் சித்தி, முழங்காவில்