ஃபிலிப் பேங்க்ஸ் மாமா இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர்களைத் தீவிரமான நாடகங்களாக மறுபடி எடுப்பது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்’ என்ற அமெரிக்கத் தொடர், ‘பெல்-ஏர்’ என்ற பெயரில் நாடகமாக வந்ததைத்தான் கட்டுரையாளர் பெரிய உதாரணமாகக் காட்டியிருந்தார். ஃபிலடெல்பியாவில் அம்மாவோடு வளர்ந்த வில் என்ற பையன், பெல்-ஏர் என்ற பணக்காரப் பகுதியில் இருக்கும் ஃபிலிப் பேங்க்ஸ் குடும்பத்தோடு தங்க அனுப்பப்படும் கதை அது. எனக்கு அதில் ஒரு திருத்தம் இருக்கிறது, ஒரு மறுப்பும் இருக்கிறது.

முதலில் திருத்தம். கட்டுரை முழுக்க ஃபிலிப் பேங்க்ஸை வில்லின் ‘மாமா’ என்று எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் ‘அங்கிள் ஃபில்’ என்று கூப்பிடுவதால் வந்த குழப்பம் இது. வில்லின் அம்மா பெயர் வை. அவருடைய உடன்பிறந்த சகோதரி விவியன். விவியனின் கணவர்தான் ஃபிலிப். அம்மாவின் சகோதரியைக் கட்டியவர் நமக்கு என்ன முறை? அக்காவின் கணவர் என்றால் பெரியப்பா, தங்கையின் கணவர் என்றால் சித்தப்பா. எப்படிக் கணக்குப் போட்டாலும் மாமா வராது. இதெல்லாம் ஒரு பிழையா என்று நீங்கள் நினைக்கலாம். அந்தத் தொடரின் மொத்தக் கதையும் இந்த முறையில்தான் இருக்கிறது. அப்பா இல்லாத பையன் ஒருவன், தன்னைப் பெறாத ஒருவரிடம் அப்பாவைக் கண்டுகொள்வதுதான் கதை. ஆங்கிலம் பேசும் அந்த வீட்டுக்கு அதைச் சொல்ல 6 சீசன்கள் தேவைப்பட்டன. நம் மொழியில் கூப்பிடும்போதே வாயில் ‘அப்பா’ வந்துவிடுகிறது. அதைப் போய் மாமா என்று மாற்றினால் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏன் இவ்வளவு உருகுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 13 வயதாக இருக்கும்போது அப்பா எங்களை விட்டுப் போனார். அம்மா வேலைக்காக வேறு ஊரில் தங்க வேண்டியிருந்ததால் நான் சித்தி வீட்டுக்கு வந்தேன். அங்கே ஏற்கெனவே 2 பிள்ளைகள். மூன்றாவதாக நான் ஒரு பையோடு போய் நின்றேன். எனக்கு ஷேவ் செய்யக் கற்றுக்கொடுத்தது சித்தப்பாதான். அன்று காலையிலேயே அவர் ஷேவ் செய்து முடித்திருந்தார். ஆனாலும் தன் முகத்திலும் மறுபடி நுரையைப் பூசிக்கொண்டு, கண்ணாடி முன்னால் என் தோளோடு தோள் ஒட்டி நின்றார். தாடைக்கு அடியில் வரும்போது தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், அவசரப்படக்கூடாது என்று தன் முகத்திலேயே செய்து காட்டினார். நடுவில் அந்த நுரையையே பெரிய மீசையாக ஒதுக்கிவிட்டுக்கொண்டு ஒரு நீதிபதி மாதிரி குரல் மாற்றிப் பேசினார். நானும் கதவருகே எட்டிப் பார்த்த தம்பியும் சிரித்ததில் என் கை ஆடி, தாடையில் ஒரு கீறல் விழுந்தது. அதற்குப் படிகாரம் தேய்த்துவிட்டதும் அவர்தான்.

அந்தத் தொடர் அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் 1990 செப்டம்பரிலிருந்து 1996 மே வரை ஓடியது. மொத்தம் 148 எபிசோடுகள். நான் பார்த்தது ரொம்பப் பின்னால், அதே தம்பியோடு, கம்ப்யூட்டரில். சிரிக்கத்தான் உட்கார்ந்தோம். சிரித்தோம். அப்புறம் 4வது சீசனில், 1994 மே மாதம் ஒளிபரப்பான அந்த எபிசோடு வந்தது.

வில்லின் சொந்த அப்பா லூ, 14 வருஷம் கழித்துத் திடீரென்று வருகிறார். பென் வெரீன் நடித்திருப்பார். கோடை முழுக்கத் தன் லாரியில் கூட்டிப் போவதாகச் சொல்கிறார். ஃபிலிப்புக்கு அந்த ஆள்மேல் நம்பிக்கை இல்லை. தடுக்கப் பார்க்கிறார், அதனால் வில்லுக்கு அவர்மேல் கோபம். கடைசியில் லூ, பையனிடம் சொல்லாமலேயே கிளம்பப் பார்க்கிறார், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று ஃபிலிப்பிடம் பொறுப்பைத் தள்ளுகிறார். அந்த நேரம் பார்த்து வில் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறான். வேலை வந்துவிட்டது என்று ஒரு சாக்கு. போகும்போது லூ அவனை மகனே என்கிறார். அவன் பதிலுக்கு அப்பா என்று சொல்லாமல், பெயரைச் சொல்லி வழியனுப்புகிறான்.

அதன் பிறகு வில்லாக நடித்த வில் ஸ்மித் பேசுவதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாட்டாகப் பேசுகிறான். பிறகு, அவர் இல்லாமல் தான் என்னென்ன கற்றுக்கொண்டேன் என்று அடுக்குகிறான். கார் ஓட்ட, ஷேவ் செய்ய, சண்டை போட. அந்த ‘ஷேவ்’ என்ற சொல் வந்தபோது தம்பி என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. கடைசியில் அந்தப் பையன் உடைந்து, அவருக்கு ஏன் நான் வேண்டாதவனாகப் போனேன் என்று கேட்கிறான். ஃபிலிப்பாக நடித்த ஜேம்ஸ் ஏவரி ஒரு வார்த்தை பேசாமல் இழுத்து அணைத்துக்கொள்கிறார். கேமரா மெல்ல நகர்ந்து, வில் தன் அப்பாவுக்கென்று வாங்கி வைத்திருந்த சிலைக்குப் போகிறது. ஓர் அப்பா தன் குழந்தையை ஏந்தியிருக்கும் சிலை. அவ்வளவுதான், முடிந்தது.

இனி என் மறுப்பு. பழைய நகைச்சுவைத் தொடர்கள் வலியை மூடி மறைத்தன, புதிய நாடகங்கள்தான் அதை வெளியே கொண்டுவருகின்றன என்கிறார் கட்டுரையாளர். இந்தத் தொடரைப் பொறுத்தவரை இது சரியில்லை. இதைப் பார்வையாளர்களை நேரில் உட்கார வைத்துத்தான் எடுத்தார்கள். காட்சிக்குக் காட்சி அவர்கள் சிரிப்பது நமக்குக் கேட்கும். பல வருஷமாகக் கேட்டுப் பழகிய அந்தச் சிரிப்பு, வில் உடையும் இடத்தில் நின்றுபோகிறது. அந்த அமைதி காதில் அறைகிறது. தொடக்கம் முதலே சோகமாக இருக்கும் ஒரு நாடகத்தில் நின்றுபோவதற்கு என்ன இருக்கிறது?

இது ஒரே ஒரு எபிசோடில் நடந்த அதிசயமும் இல்லை. முதல் சீசனிலேயே, 1990இல், வில்லும் ஃபிலிப்பின் மகன் கார்ல்டனும் விலையுயர்ந்த காரில் போகும்போது போலீஸ் நிறுத்திக் கைது செய்கிறது. கறுப்பினப் பையன்கள் கையில் இந்தக் கார் எப்படி வந்தது என்ற சந்தேகம்தான் காரணம். என்ன நடக்கப்போகிறது என்று ஃபிலடெல்பியாவில் வளர்ந்த வில்லுக்கு உடனே தெரிகிறது. பணக்கார வீட்டில் வளர்ந்த கார்ல்டனுக்குத் தெரியவில்லை. அவர்கள் தங்கள் கடமையைத்தானே செய்தார்கள், நாம் மெதுவாக ஓட்டினோம், அதனால் நிறுத்தினார்கள் என்று கடைசி வரை வாதாடுகிறான். முதன்முதலாகத் தன்னை நிறுத்தியபோது தானும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டதாக ஃபிலிப் சொல்லிவிட்டுப் போகிறார். கார்ல்டன் தனியாக நிற்கிறான். அங்கேயும் சிரிப்பு இல்லை. 5வது சீசனில் வில் ஏடிஎம் அருகே சுடப்படுகிறான். பயத்தில் கார்ல்டன் துப்பாக்கியோடு மருத்துவமனைக்கு வர, அதைக் கொடுத்துவிடச் சொல்லி வில் படுக்கையிலிருந்து மன்றாடுகிறான். இதற்கெல்லாம் மறைத்தது என்று பெயரா?

சரி, புதிய நாடகத்தை நான் வெறுக்கிறேனா என்றால் இல்லை. 2019இல் மோர்கன் கூப்பர் என்ற இளம் இயக்குநர், இதே கதையை நாடகமாக எடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு டிரெய்லரைத் தானாகவே எடுத்து யூடியூபில் போட்டார். அது வில் ஸ்மித்தின் கண்ணில் பட்டு, அவருடைய ஆதரவோடு 2022 பிப்ரவரியில் பீகாக் தளத்தில் தொடராகவே வந்தது. பழையதன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவர் செய்த வேலை அது என்பது பார்த்தாலே தெரிகிறது. பழைய தொடரில் தொடக்கப் பாட்டு சிரித்துக்கொண்டே கடந்துபோகும், வில்லை ஊரைவிட்டே அனுப்பவைத்த அந்தச் சின்னச் சண்டை, இங்கே துப்பாக்கி, கைது, உயிர் பயம் என்று விரிகிறது. ஒரு தாய் தன் மகனை ஏன் அவ்வளவு தூரம் அனுப்பினார் என்பது அப்போதுதான் உறைக்கிறது. என் அம்மா என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிய நாளை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

விவியனுக்கும் இங்கே இடம் கிடைத்திருக்கிறது. குடும்பத்துக்காக ஓவியத்தை ஒதுக்கி வைத்தவர், மறுபடி தூரிகையை எடுக்கத் தவிக்கிறார். விவியனாக நடித்த கசாண்ட்ரா ஃப்ரீமன் அதைக் கண்ணிலேயே காட்டுகிறார். கார்ல்டனின் பதற்றமும் போதைப் பழக்கமும் கூட, சிரிக்க வைத்துக்கொண்டே இருந்த அந்தப் பழைய கார்ல்டனுக்குள் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்க வைக்கின்றன. அரை மணி நேர நகைச்சுவையில் இதற்கெல்லாம் நேரம் கிடையாது. நாடகமாக எடுப்பதற்கு நியாயமான காரணம் இந்த நேரம்தான் என்று நினைக்கிறேன். சிரிப்பைக் கழித்தால்தான் கௌரவம் என்பது காரணமே இல்லை.

எனக்குக் குறையாகப் படுவது ஜெஃப்ரி. பழைய தொடரில் அவர் வீட்டு வேலைக்காரர். ஆனால் முதலாளி வீட்டாரைப் பார்த்து யாரும் சொல்லத் துணியாத உண்மையை அவர் ஒற்றை வரிக் கிண்டலில் சொல்லிவிட்டுத் தட்டோடு போய்விடுவார். ஜோசப் மார்செல் அதைச் சொல்லும் அழகே தனி. சம்பளத்துக்கு நிற்பவரின் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்தக் கிண்டல். புதியதில் அவர் இறுகிய முகத்தோடு இருட்டில் வேலைகளை முடித்துக்கொடுக்கும் ஆள். மிடுக்கு கூடியிருக்கிறது, ஆயுதம் போய்விட்டது. முதல் சீசன் கடைசியில் லூ வருகிறார், மார்லன் வேயன்ஸ் நன்றாகவே நடித்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கவில்லை. அதற்கு முந்தைய எபிசோடுகளிலேயே எல்லோரும் மாறி மாறிக் கலங்கிவிட்டார்கள்.

அப்பா போன வீட்டிலிருந்து வந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. என் வாழ்க்கையிலேயே மோசமான அந்த 2 வருஷங்களில்தான் நான் அதிகம் சிரித்தேன். அது வலியிலிருந்து தப்பி ஓடுவதற்கான சிரிப்பு இல்லை. சித்தப்பா அதைத் தினமும் யோசித்து, சிரமப்பட்டு உண்டாக்கினார் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது. அந்த வருஷங்களை யாராவது நாடகமாக எடுத்து, உண்மையாக இருக்கட்டும் என்று சிரிப்பை மட்டும் நீக்கினால், அது எங்கள் வீடாக இருக்காது.

சித்தப்பாவுக்கு இப்போது 76 வயது. போன மாதம் புதிய தொடரின் முதல் 3 எபிசோடுகளை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். கதையை நான் சொல்லச் சொல்ல அக்கறையாகத்தான் பார்த்தார். முடிந்ததும், “இவ்வளவு பெரிய வீட்டில் யாரும் யாரையும் கேலியே பண்ண மாட்டார்களாடா?” என்று கேட்டார். பிறகு அந்த 1994 எபிசோடைப் போட்டேன். ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் பிடிபடும் என்பதால் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வில் அடுக்கத் தொடங்கினான். கார் என்றேன். ஷேவ் என்று சொல்லும்போது என் குரல் நின்றுவிட்டது. சித்தப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் நீட்டி, என் தாடையில் அந்தப் பழைய கீறல் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்